ஒரே வருடத்தில் இரண்டாவது ஆயில் ஹீட்டரும் போய்விட்டது, பெரிய வாட் போடலாமா?

கேள்வி கேட்டவர் ஆந்திராவில் பலமனேர் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் இருக்கிறார். மோட்டார் வெளியே நின்று பெல்ட்டால் ஓட்டும் ஓப்பன் டைப் கம்ப்ரஸர், நான்கு சிலிண்டர், குளிரூட்டுவது ஆர்22 கேஸ். கம்ப்ரஸரின் அடியில் ஆயில் நிற்கும் பெட்டியான கிராங்க் கேஸுக்குள், ஆயிலில் நேராக மூழ்கியிருக்கும் 200 வாட் ஹீட்டர் முதலில் ஒருமுறை எரிந்துபோனது. புதிதாகப் போட்டதும் சில மாதத்தில் போய்விட்டது. கடைக்காரர் 500 வாட் போடச் சொல்கிறாராம். "நம்ம ஊர் சூட்டுக்கு இது தேவையே இல்லை, எடுத்துவிட்டு பிளக் அடித்துவிடலாம்" என்கிறாராம் உடன் வேலை செய்யும் பெரியவர். எது சரி அண்ணா என்று கேட்கிறார்.

இரண்டும் சரியில்லை தம்பி. 500 வாட் போட்டால் அது இன்னும் சீக்கிரம் எரியும். எடுத்துவிட்டால் ஹீட்டர் எரியாது, பேரிங் போகும். உங்கள் ஹீட்டர் ஏன் எரிந்தது என்பதற்கான பதில் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. நடுவில் ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "காலையில் ஆயில் லெவல் அதிகமாகத் தெரிந்தது, அதனால் ஒரு லிட்டர் இறக்கினோம்." அந்த ஒரு லிட்டரில்தான் கதை இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் பெரியவர் சொன்னது. ஊர் சூடாக இருக்கிறது என்பதற்கும் இந்த ஹீட்டருக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. குளிர் நாட்டில் ஆயில் கெட்டியாகாமல் இருக்கத்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். 68 நம்பர் ஆயில் என்றால் 40 டிகிரியில்தான் அதற்கு 68 சென்டிஸ்டோக் பிசுபிசுப்பு, மார்கழிக் காலையில் பலமனேர், குப்பம் மேட்டில் அடிக்கும் குளிருக்கு அது மூன்று மடங்குக்கும் மேலே கெட்டியாகிவிடும். ஆனால் ஆர்22 மெஷினில் பெரிய காரணம் வேறு. இந்த கேஸுக்கும் ஆயிலுக்கும் அவ்வளவு ஒட்டுதல். மெஷின் நின்றதும் கேஸ் மெல்ல ஊர்ந்து வந்து கிராங்க் கேஸில் இருக்கும் ஆயிலில் கரையும், சர்க்கரை பாலில் கரைகிற மாதிரி. சுற்றிலும் எல்லாம் ஒரே அளவு சூட்டில் இருந்தால்கூட வரும், ஏனென்றால் ஆயில் அதை இழுக்கிறது. அதைத் தடுக்கும் வழி, ஆயிலைச் சுற்றுப்புறத்தைவிட 15, 20 டிகிரி அதிகமாக வைத்திருப்பது. சூடான ஆயிலில் கேஸ் தங்காது. மே மாதம் 40 டிகிரி வெயிலில் கம்ப்ரஸரும் 40, ஆயிலும் 40 என்றால் அந்தச் சூட்டால் ஒரு பயனும் இல்லை. வித்தியாசம்தான் கணக்கு.

கரைந்த கேஸோடு காலையில் ஸ்விட்ச் போட்டால் என்ன ஆகும் என்பதைக் குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு இடத்தில் கண்ணால் பார்த்தேன். டிசம்பர், விடிந்தும் விடியாத நேரம், முதல் வண்டிப் பால் வந்து நிற்கிறது. ஆபரேட்டர் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். நான் ஆயில் லெவல் பார்க்கும் கண்ணாடியான சைட் கிளாஸில் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தெளிவாக, கண்ணாடியின் மேல் விளிம்பு வரைக்கும் ஆயில். நாலு நொடியில் கண்ணாடி முழுக்க வெள்ளை நுரை, டீ மாஸ்டர் ஆற்றிய டீ மாதிரி. கிராங்க் கேஸில் அழுத்தம் சட்டென்று இறங்கியதும் கரைந்திருந்த கேஸ் மொத்தமும் கொதித்துக் கிளம்புகிறது, ஆயிலையும் தூக்கிக்கொண்டு சிலிண்டர் வழியாக வெளியே போகிறது. அரை நிமிடத்தில் நுரை அடங்கியபோது கண்ணாடியில் ஒன்றுமே இல்லை. ஆயில் பிரஷர் முள் ஆடிக்கொண்டே கீழே வந்தது. சேஃப்டி ஸ்விட்ச் ஒன்றரை நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தியது. அவர் கொஞ்சமும் யோசிக்காமல் ரீசெட்டை அழுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் போட்டார். தினமும் இப்படித்தானாம், மூன்றாவது ரீசெட்டுக்குப் பிறகு நிற்காமல் ஓடுமாம். மாதக்கணக்கில் அப்படி ஓட்டியிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தபோது ஷெல் பேரிங்கில் மேல்பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிந்தது, தண்டு வெளியே வரும் இடத்தில் கேஸைத் தடுக்கும் ஷாஃப்ட் சீலின் முகத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு.

"ஹீட்டர் காலிபோயிந்தி சார்" என்று தெலுங்கில் அப்போதுதான் சொன்னார். தெலுங்கில் அதற்கு எரிந்துவிட்டது என்று அர்த்தம். தமிழ்க் காதுக்கு ஆள் காலி என்று கேட்கும். இரண்டு அர்த்தமும் பொருந்தியது.

சரி, உங்கள் ஒரு லிட்டருக்கு வருவோம். முதல் ஹீட்டர் எப்போதோ சத்தமில்லாமல் போயிருக்கிறது. அது போனால் மெஷின் நிற்காது, அலாரம் அடிக்காது, எல்லாம் வழக்கம்போல் ஓடும். ராத்திரி முழுக்க கேஸ் ஆயிலில் கரைந்ததால் காலையில் சைட் கிளாஸில் லெவல் ஏறித் தெரிந்திருக்கிறது. அது ஆயில் இல்லை, ஆயிலும் கேஸும் கலந்த சாறு. யாரோ "அதிகமாக இருக்கிறது" என்று ஒரு லிட்டர் இறக்கியிருக்கிறார்கள். அப்புறம் ஹீட்டர் எரிந்தது தெரிந்து புதிதாக மாட்டினீர்கள், இறக்கிய ஒரு லிட்டரைத் திரும்ப ஊற்றியதாக எழுதவில்லை. புது ஹீட்டர் வேலை செய்ய ஆரம்பித்ததும் கேஸ் பிரிந்து போய், உண்மையான லெவல் கீழே இறங்கியிருக்கும். ஹீட்டரின் மேல் கம்பி ஆயிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றிருக்கும். ஆயிலில் மூழ்கியிருக்கும் கம்பியின் சூட்டை ஆயில் வாங்கிக்கொள்ளும். வெளியே நிற்கும் கம்பியின் சூட்டை வாங்க ஆள் இல்லை. மேலே தெறித்த ஆயில் துளிகள் கருகிக் கரியாக ஒட்டும், கரி சூட்டை இன்னும் அடைக்கும், ஒரு நாள் உள்ளே இருக்கும் நிக்ரோம் காயில் அறுந்துவிடும். முதல் ஹீட்டர் போனதுதான் இரண்டாவது ஹீட்டரைக் கொன்றது என்று நான் நினைக்கிறேன். ஆயில் லெவலை மெஷின் கால் மணி நேரமாவது ஓடிய பிறகு, ஓடும்போதே பாருங்கள். நின்ற மெஷினில் காலையில் பார்க்கும் லெவலை வைத்து ஒரு சொட்டுகூட இறக்காதீர்கள்.

500 வாட் ஏன் கூடாது என்றால், உங்கள் கிராங்க் கேஸில் அதே நீளக் கம்பிதான் உட்கார முடியும். அதே நீளத்தில் இரண்டரை மடங்கு சூடு என்றால் கம்பியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் இரண்டரை மடங்கு சூட்டை ஆயிலுக்குள் தள்ள வேண்டும். அசையாமல் நிற்கும் ஆயில் அதை வாங்காது, கம்பியை ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் மட்டும் கருகும். தண்ணீர் ஹீட்டருக்கும் ஆயில் ஹீட்டருக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். தண்ணீருக்குச் செய்த கம்பியை ஆயிலில் விட்டால் சில வாரத்தில் கரிக்கட்டைதான். சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு வாட் அளவில் இருந்தால் ஆயில் தாங்கும். செய்து கொடுக்கும் பட்டறையில் இந்தக் கணக்கைக் கேளுங்கள், முழித்தால் வேறு பட்டறை பாருங்கள்.

வோல்டேஜையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். பகலில் சுற்று வட்டார பம்பு செட்டெல்லாம் ஓடும்போது 190க்கு இறங்கி, ராத்திரி அவை நின்றதும் 255க்கு ஏறும் லைன்களை இந்தப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். ஹீட்டரின் வாட், வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும். 230க்குச் செய்த 200 வாட் ஹீட்டர் 190இல் வெறும் 136 வாட், 255இல் 246 வாட். ஹீட்டர் அதிகம் வேலை செய்வதே ராத்திரிதான். உங்கள் லைன் அப்படி இருந்தால் வாட்டைக் கூட்டாதீர்கள், 250 வோல்ட்டுக்குச் செய்யச் சொல்லி 200 வாட் வாங்குங்கள்.

பேனலில் ஹீட்டருக்கென்று ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது, அது எரிந்துகொண்டேதான் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விளக்கு ஒன்றையும் நிரூபிக்காது. அது ஹீட்டருக்கு இணையாகப் போட்ட விளக்கு. கரண்ட் அங்கே வரை வந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், ஹீட்டர் வாங்கிக்கொண்டதா என்று சொல்லாது. காயில் அறுந்தாலும் விளக்கு ஜம்மென்று எரியும். நம்ப வேண்டியது கையையும் மீட்டரையும். மெஷின் நின்று நான்கைந்து மணி நேரம் கழித்து கிராங்க் கேஸின் அடிப்பக்கம் உள்ளங்கையை வையுங்கள். பக்கத்து இரும்பைவிட நன்றாகச் சூடாக இருந்தால் சரி. பக்கத்து இரும்பு மாதிரியே இருந்தால் ஹீட்டர் இல்லை என்று அர்த்தம், விளக்கு என்ன சொன்னாலும் சரி.

மீட்டர் வைத்தால் இன்னும் நல்லது. 200 வாட் 230 வோல்ட் என்றால் 0.87 ஆம்பியர் வர வேண்டும். சாதாரண க்ளாம்ப் மீட்டரில் இவ்வளவு சின்னக் கரண்ட் தடுமாறும். ஒரு ஒயரை மட்டும் எடுத்து க்ளாம்ப் வாய்க்குள் ஐந்து சுற்று சுற்றுங்கள், 4.35 காட்டும், ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஒயரையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்தான் வரும், அதைப் பார்த்து நல்ல ஹீட்டரைக் கழற்றியவர்கள் உண்டு. வாரம் ஒருமுறை இந்த ஒரு எண்ணை லாக் புத்தகத்தில் எழுதி வைத்தால் போதும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஓம் அளந்தால் 265 பக்கம் வரவேண்டும். இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டரான 500 வோல்ட் மெகரில் ஹீட்டரின் உலோக உடலுக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் ஈரம் இறங்கியிருக்கிறது. உள்ளே அடைத்திருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடிக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. கடையில் இரண்டு மழைக்காலம் கிடந்த புது ஹீட்டரே மெகரில் தோற்கும். 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே அடுப்பில் சில மணி நேரம் காய வைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கும் இஎல்சிபி ட்ரிப் ஆகிறது என்று அதை பைபாஸ் செய்யும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

ராத்திரி மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பாதி இடத்தில் அப்படித்தான், கரண்ட் மிச்சமாம். 200 வாட் ஹீட்டர் 14 மணி நேரம் நிற்காமல் எரிந்தால் 2.8 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றே வைத்தாலும் 23 ரூபாய்க்குள். ஒரு செட் பேரிங்கும் ஷாஃப்ட் சீலும் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். மெயினை அணைத்தாலும் ஹீட்டர் லைன் மட்டும் தனி எம்சிபி ஸ்விட்சில் உயிரோடு இருக்கும்படி ஒயரிங்கை மாற்றிவிடுங்கள். கம்ப்ரஸர் மோட்டாருக்குக் கரண்ட் விடும் காண்டாக்டரின் என்சி (மெஷின் நிற்கும்போது மூடியிருக்கும் முனை) வழியாகப் போனால் மெஷின் ஓடும்போது ஹீட்டர் அணையும், நின்றதும் தானாக எரியும். நீண்ட கரண்ட் கட்டுக்குப் பிறகு கரண்ட் வந்த உடனே பட்டனை அழுத்தக் கூடாது, ஆயில் சூடேறும் வரை பொறுக்க வேண்டும். பால் வண்டி நிற்கும்போது இதைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் ஆயில் சூடு குறைவாக இருந்தால் ஸ்டார்ட்டே ஆகாதபடி ஒரு தெர்மோஸ்டாட்டை ஸ்டார்ட் சர்க்யூட்டில் போட்டுவிடுவது நல்லது. மனிதனைவிட அது பிடிவாதம் பிடிக்கும்.

இப்போது மாற்றுவது. இந்த என்சி ஏற்பாட்டில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது: நீங்கள் வேலைக்காக மெஷினை நிறுத்திய அந்த நொடியில்தான் ஹீட்டருக்குக் கரண்ட் போகும். "மெஷின் ஆஃப்" என்று கை வைத்து ஷாக் வாங்கியவர்கள் இதனால்தான் வாங்கினார்கள். ஆயிலை இறக்கும் முன் ஹீட்டர் எம்சிபியை அணைத்து, பூட்டு போட்டு, டெர்மினலில் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஹீட்டரை எரியவிட்டபடி ஆயிலை இறக்கினால் கொஞ்ச நேரத்தில் கம்பி கண்டபடி சூடேறிவிடும், அதன் மேல் புது ஆயில் ஊற்றினால் புகைதான்.

கேஸ் உள்ளே வரும் சக்ஷன் வால்வை மூடி பம்ப் டவுன் செய்யுங்கள், அதாவது மெஷினை ஓட்டியே கிராங்க் கேஸில் இருக்கும் கேஸை வெளியே தள்ளுங்கள். ஒரே தடவையில் முடியாது, நிறுத்தியதும் ஆயிலில் இருந்து கேஸ் பிரிந்து பிரஷர் திரும்ப ஏறும், இரண்டு மூன்று முறை இறக்க வேண்டும். வேக்யூமுக்கு இழுக்காதீர்கள், ஓப்பன் டைப்பில் ஷாஃப்ட் சீல் வழியாகக் காற்று உள்ளே வரும். பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி, கேஸ் வெளியே போகும் டிஸ்சார்ஜ் வால்வையும் மூடி, மீதி கேஸை ரிக்கவரி மெஷினில் எடுங்கள். ஆயிலைச் சுத்தமான கேனில் இறக்கி எத்தனை லிட்டர் வந்தது என்று அளந்து எழுதுங்கள். கம்பெனி புத்தகத்தில் இருக்கும் அளவோடு ஒப்பிட்டால் என் சந்தேகம் சரியா என்று அங்கேயே தெரிந்துவிடும். மீதி ஆயில் பிளான்ட்டில் எங்காவது தேங்கியிருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். ஹீட்டரைக் கழற்றியதும் அந்த ஓட்டைக்குள் விரல் விட்டுத் துடைத்தால் அடியில் கரிப்பொடி வரும், முழுவதும் வழித்து எடுங்கள், ஸ்ட்ரெய்னரையும் கழுவுங்கள். பழைய கரியை விட்டுவிட்டுப் புது ஹீட்டர் மாட்டுவது தண்டம்.

புதிதில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று நீளம், கிராங்க்கிலோ ஆயில் உறிஞ்சும் குழாயிலோ தட்டக் கூடாது. இன்னொன்று மரை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் அளவுகளில் பிரிட்டிஷ் முறையான பிஎஸ்பி மரைக்கும் அமெரிக்க முறையான என்பிடி மரைக்கும் இஞ்சுக்கு 14 புரிதான், அதனால் ஒன்றில் ஒன்று இரண்டு மூன்று சுற்று ஒழுங்காக ஏறும். ஆனால் மரையின் கோணம் ஒன்று 55 டிகிரி, மற்றது 60. டெஃப்லான் டேப்பை எவ்வளவு சுற்றினாலும் கேஸ் கசியும். மூன்றாவது, மாட்டும் முன்பே ஓமும் மெகரும் பார்த்துவிடுங்கள், மாட்டி ஆயில் ஊற்றிய பிறகு பார்த்துப் புலம்புவதைவிட. டெர்மினலுக்கு பிவிசி ஒயர் வேண்டாம், சூட்டில் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ் ஒயர், நல்ல லக், எர்த் ஒயர். பிறகு அதே கிரேடு ஆயில், உள்ளே போன காற்றை வேக்யூம் பம்ப்பால் எடுப்பது, கேஸைத் திறந்துவிட்டு சோப்பு நுரையில் கசிவு சோதனை, அதன் பின் ஹீட்டரை மட்டும் போட்டு 12 மணி நேரமாவது விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

இதே பதிலை அம்மோனியா பிளான்ட்காரர்களும் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. அம்மோனியா ஆயிலில் இப்படிக் கரையாது, திரவ அம்மோனியா ஆயிலைவிட லேசானது, அதனால் ஆயில் அடியில் தங்கும். அங்கே ஹீட்டர் முக்கியமாகக் குளிரில் ஆயில் கெட்டியாகாமலும் திரவம் தேங்காமலும் இருக்க. ஆனால் செம்பு, பித்தளை உதிரி எதையும் அங்கே மாட்டக் கூடாது, அம்மோனியா அரித்துவிடும், விட்டான் ரப்பர் ஓ ரிங்கும் ஒத்துவராது, நியோப்ரீன் போடுங்கள். மாஸ்க் இல்லாமல் கிராங்க் கேஸைத் திறக்கவே வேண்டாம். சித்தூர் பக்கம் மாங்கூழைப் போட்டு வைக்கும் குளிர்க் கிடங்குகளில் உள்ள ஸ்க்ரூ மெஷின்களில் ஆயில் செபரேட்டரில் இரண்டு மூன்று ஹீட்டர் இருக்கும். ஒன்று செத்தாலும் மற்றவை சமாளித்து மறைத்துவிடும், ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். காற்று கம்ப்ரஸருக்கு நம் ஊரில் இந்த ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது, அது வேறு விஷயம்.

கடைசியாக, கழற்றிய அந்த இரண்டாவது ஹீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாட்டியிருந்த நிலையில் எது மேல்பக்கம் என்று ஒரு கோடு போட்டு, வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். மேல் கம்பி மட்டும் கறுத்து, கீழ்க் கம்பி பளபளவென்று இருந்தால் உங்கள் ஒரு லிட்டர்தான் காரணம். டெர்மினல் பக்கம் கருகியிருந்தால் லக் லூஸ். முழுக்கச் சீராகக் கறுத்திருந்தால் வோல்டேஜைப் பார்ப்போம்.